'பைலட் தப்பு' என்று எழுதிவிட்டால் விசாரணை முடிந்துவிடுமா?

வில்லியனூரான் எழுதியது:

நம்ம புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு 2024 டிசம்பரில் மறுபடி ஏ.டி.ஆர். என்ற சின்ன விமானம் வர ஆரம்பித்ததில் இருந்து எங்கள் வீட்டில் விமானப் பேச்சு கூடிவிட்டது. மச்சானுக்குப் பெங்களூரில் வேலை, அதில்தான் வந்து போகிறார். நேற்று சாப்பிடும்போது பேச்சு மங்களூர் விபத்துக்குப் போனது. 2010 மே 22, துபாயில் இருந்து வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் போனார்கள், 8 பேர் பிழைத்தார்கள். "கேப்டன் வழியெல்லாம் தூங்கினார், எழுந்து தப்பாக இறக்கினார், அவ்வளவுதான்" என்று மச்சான் முடித்துவிட்டார்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவ்வளவுதான் என்றால், அந்த ஒரு மனிதர் இறந்ததோடு பிரச்சினையும் போயிருக்க வேண்டுமே? பத்து வருஷம் கழித்துக் கோழிக்கோட்டில் ஏன் கிட்டத்தட்ட அதே மாதிரி நடந்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூகுளில் தேடி ஒட்ட வேண்டாம், அது எனக்கும் வரும்.

---

முத்தியால்பேட்டை மெக்கானிக் எழுதியது:

விமானப்படையில் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பறப்பது என் வேலை இல்லை, பறக்க விடுவதுதான். அந்தப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

மங்களூர் அறிக்கையில் கேப்டனின் தவறு தெளிவாகவே இருக்கிறது. விமானி அறை ஒலிப்பதிவு சுமார் இரண்டு மணி நேரம், அதில் ஒரு மணி நாற்பது நிமிஷம் அவர் தூக்கத்தில். இறங்கும் உயரம் சரியில்லை என்று துணை விமானி மூன்று முறை 'கோ அரவுண்ட்' சொல்கிறார், அதாவது இறங்காதே, மேலே ஏறிச் சுற்றி வா என்று. கேப்டன் கேட்கவில்லை. 8,033 அடி ஓடுபாதையில் சுமார் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது.

இப்போது மற்றதையும் சேர்த்துப் பாருங்கள். மங்களூர் ரேடார் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. அதனால் விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னதே தாமதம். இருக்க வேண்டிய உயரத்தைவிட ரொம்ப மேலே இருந்துதான் அவர்கள் ஓடுபாதையை நோக்கி வந்தார்கள். நேரமோ விடியற்காலை ஆறு. உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும் வேளை. மேஜை மேல் வைத்த மாதிரி ஓடுபாதை, முடிந்த இடத்தில் பள்ளத்தாக்கு. துணை விமானிக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்திருந்தது, ஆனால் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

இதில் கேப்டனை மட்டும் எடுத்துவிட்டு வேறொருவரை உட்கார வையுங்கள். ரேடார், நேரம், பள்ளத்தாக்கு, இளையவரின் தயக்கம் எல்லாம் அப்படியே இருக்கும். கோழிக்கோட்டிலும், 2020 ஆகஸ்ட் 7 அன்று, இறங்க வேண்டிய பகுதியைத் தாண்டிப் போனபோது துணை விமானி கோ அரவுண்ட் சொல்லியிருக்கிறார். அப்போதும் கட்டுப்பாட்டை அவர் எடுக்கவில்லை என்று விசாரணை அமைப்பே எழுதியிருக்கிறது. மழை, பின்காற்று, கேப்டன் பக்கத்து வைப்பர் சரியாக வேலை செய்யாதது, இதெல்லாம் தனி. மறுநாள் காலை விமானம் ஓட்டக் கோழிக்கோட்டில் போதுமான கேப்டன்கள் இல்லை, இவர் எப்படியும் வந்து சேர வேண்டியிருந்தது என்பதும் அந்த அறிக்கையில் உண்டு. அந்த அட்டவணையை எழுதியவரைப் பற்றி எந்தத் தலைப்புச் செய்தியும் வரவில்லை.

---

ஓ.டி. பாலா எழுதியது:

அண்ணே, இது நம்ம புதுச்சேரி - கடலூர் பிரைவேட் பஸ் கதைதான். ஸ்டாண்டில் இத்தனை மணிக்கு எடுக்க வேண்டும், அடுத்த ஸ்டாண்டில் இத்தனை மணிக்கு நிற்க வேண்டும், பின்னாலேயே அடுத்த பஸ், கலெக்ஷனைப் பொறுத்துப் படி. ரோட்டில் யாராவது விழுந்தால் 'டிரைவரின் அஜாக்கிரதை' என்று கேஸ். அந்த நேரத்தைப் போட்டவன் பெயர் எதிலும் வராது.

---

வக்கீல் புதுவை எழுதியது:

எல்லாரும் ஒரே திசையில் போவதால் எதிர்ப்பக்கம் நான் நிற்கிறேன்.

பாலா சொல்லும் கேஸ், அஜாக்கிரதையால் மரணம், முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ, 2024 ஜூலையில் இருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106. அந்தக் கேஸ்களில் செத்தவர் வீட்டுப் பக்கமாக நான் ஆஜராகியிருக்கிறேன். அந்த அம்மாவிடம் போய் 'டிரைவர் காரணம் இல்லைம்மா, அட்டவணைதான்' என்று சொல்லிப் பாருங்கள். எல்லாவற்றையும் 'அமைப்பின் கோளாறு' என்று பிரித்துப் பிரித்து வைத்தால் கடைசியில் பொறுப்பு ஏற்க ஆளே இருக்க மாட்டான். அதிகாரிகளுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? விசாரணை கமிஷன் அறிக்கைகள் எத்தனை அலமாரியில் தூங்குகின்றன என்று உங்களுக்கே தெரியும்.

மூன்று முறை ஒருவர் சொல்லியும் கேட்காதது மறதியா, கவனக்குறைவா, திமிரா? மூன்றையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

---

முத்தியால்பேட்டை மெக்கானிக் எழுதியது:

வக்கீல் சாருக்கு: ஒரே தராசில் வைக்கச் சொல்லவே இல்லை. இந்தத் துறையே அதைப் பிரித்துத்தான் பார்க்கிறது. ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1990-இல் இதை ஒழுங்காக எழுதி வைத்தார். கை தவறுவது ஒன்று, மறப்பது ஒன்று, சரி என்று நம்பியே தப்பான முடிவெடுப்பது ஒன்று, தெரிந்தே விதியை மீறுவது வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. மறதிக்காரனைத் திட்டினால் அடுத்த தடவை பயத்தோடு மறப்பான்.

தெரிந்தே மீறுவதற்கு உதாரணம் வேண்டுமா? 1986-இல் சோவியத்தில் குய்பிஷேவ் நகரில் ஒரு கேப்டன், ஜன்னலைத் திரை போட்டு மூடிக்கொண்டு கருவியை மட்டும் பார்த்து இறக்குகிறேன் என்று துணை விமானியிடம் பந்தயம் கட்டினார். 70 பேர் செத்தார்கள். ஜெயிலுக்குப் போனார். அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

ஆனால் பெரும்பாலானவை அப்படி இருக்காது. எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், பராமரிப்புக்காரர்கள் எல்லாரும் படிக்கும் கேஸ். 1990 ஜூன் 10, பிரிட்டனில் பர்மிங்காமில் இருந்து கிளம்பிய விமானம். 17,000 அடி தாண்டியதும் கேப்டனுக்கு முன்னால் இருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. அவர் பாதி உடம்போடு வெளியே இழுக்கப்பட்டார். உள்ளே இருந்த பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள், துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். ஒருவர்கூடச் சாகவில்லை, அந்தக் கேப்டன் உட்பட.

முந்தின நாள் விடியற்காலையில், இரவு ஷிப்டில்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். 90 போல்ட். மாற்றியவர் அந்த ஷிப்டின் மேலாளரே. ஆள் குறைவு, தானே இறங்கிச் செய்தார். பழைய போல்ட் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். அதற்கு வேறு அளவு போடுவார்கள் என்று ஸ்டோர்காரர் சொல்லியும், கழற்றியது இதுதானே என்று அதையே கேட்டார். அது அங்கே போதுமான அளவு இல்லை. இன்னொரு இடத்தில், மங்கலான வெளிச்சத்தில், டிராயரில் இருந்த போல்ட்டையும் கையில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்தார். பார்வைக்கு ஒன்று போலத் தெரிந்தது. ஆனால் இருக்க வேண்டிய விட்டத்தைவிட 0.026 அங்குலம் குறைவு, அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 84 போல்ட் அப்படி. மீதி ஆறு சரியான விட்டம், ஆனால் நீளம் குறைவு. இதில் வேடிக்கை, கழற்றிய பழைய போல்ட்டுகளே அளவில் தப்பு, நாலு வருஷமாக அதோடுதான் அந்த விமானம் பறந்திருக்கிறது.

வேலை முடிந்ததும் இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும் என்ற விதி அந்தக் கண்ணாடிக்கு இல்லை. அதைவிட, கண்ணாடியை வெளிப்பக்கத்தில் இருந்து மாட்டும் வடிவமைப்பு. உள்ளே காற்றழுத்தம் கூடக் கூட அது வெளியேதான் தள்ளும். உள்ளிருந்து மாட்டுவதாக இருந்தால் அதே அழுத்தம் அதை இறுக்கிப் பிடித்திருக்கும்.

வக்கீல் சார், அந்த மேலாளரை வேலையை விட்டு அனுப்பினால் அந்த டிராயரில் விளக்கு எரியுமா? விசாரணைகளில் ஒரு கேள்வி வைப்பார்கள்: இதே பயிற்சி பெற்ற இன்னொருவரை இதே இரவில் இதே இடத்தில் நிறுத்தினால் அவரும் இதைச் செய்திருப்பாரா? ஆமாம் என்றால் ஆளைத் தண்டித்துப் பயனில்லை. இல்லை என்றால் அப்போது உங்கள் 106-க்கு வாருங்கள்.

---

வக்கீல் புதுவை எழுதியது:

அந்தக் கேள்வி நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைக் கேட்டுப் பதில் சொல்லப்போவது யார்? அதே கம்பெனியின் மேலாளர்கள் என்றால் பதில் எப்போதும் அவர்களுக்குச் சாதகமாகத்தான் வரும்.

---

ஜிப்மர் ரோடு சிஸ்டர் எழுதியது:

நான் ஆஸ்பத்திரிக்காரி. (எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், பெயரில் இருக்கும் ரோடு வீடு இருக்கும் இடம்.)

விமானத் துறையில் இருந்து எங்களுக்கு வந்த சாமான் செக்லிஸ்ட். 2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு 19 வரிகளில் ஒன்று கொண்டுவந்தது. எட்டு ஊர் ஆஸ்பத்திரிகளில் போட்டுப் பார்த்ததில் இறப்பு விகிதம் 1.5 சதவீதத்தில் இருந்து 0.8-க்கு இறங்கியது. அதில் ஒரு வரி, கத்தி வைக்கும் முன் அறையில் இருக்கும் எல்லாரும் பெயரையும் வேலையையும் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது.

நம் ஊரில் அந்த வரியில்தான் முதலில் சிரிப்பார்கள். பெரிய சர்ஜன் தன் பெயரைச் சொல்வதா, அதுவும் புதுசாய்ச் சேர்ந்த ஸ்டாஃப் நர்ஸிடம்? டிக் மட்டும் போட்டுவிடுவார்கள். ஆனால் ஒருமுறை வாய் திறந்து பெயரைச் சொன்ன பெண்தான் அரைமணி கழித்து 'சார், கவுண்டில் ஒரு துணி குறைகிறது' என்று சொல்லும். வாயே திறக்காமல் நின்ற பெண் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்தத் துணை விமானி ஏன் கையில் எடுக்கவில்லை என்று இங்கே எல்லாரும் கேட்கிறீர்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை. மூன்று தடவை சொன்னதே பெரிய விஷயம்.

---

பறக்கும் தம்பி எழுதியது:

வணக்கம். நான் கமர்ஷியல் லைசென்ஸுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், லீவுக்கு நெல்லிக்குப்பம் வந்திருக்கிறேன். சிஸ்டர் அக்கா சொன்னதைத்தான் எங்களுக்கு ஒரு பாடமாகவே நடத்துகிறார்கள்.

இது ஆரம்பித்த கதை: 1977 மார்ச் 27, டெனரிஃப் தீவு. பக்கத்துத் தீவில் குண்டு வெடித்ததால் திருப்பிவிடப்பட்ட இரண்டு ஜம்போ, மூடுபனி. டச்சு விமானத்தின் கேப்டன் அனுமதி வரும் முன்பே ஓட ஆரம்பித்துவிட்டார். இன்னொரு ஜம்போவான பான் ஆம் இன்னும் ஓடுபாதையை விட்டுப் போகவில்லையோ என்று பின்னால் இருந்த பொறியாளர் கேட்டார். போய்விட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னதும் அடங்கிவிட்டார். இரண்டும் மோதி 583 பேர் செத்தார்கள். அந்தக் கேப்டன் அவர்கள் கம்பெனியிலேயே பயிற்சித் தலைவர், விளம்பரத்தில் படம் வந்தவர். அவரை எப்படி மறுபடி கேட்பது?

அடுத்த வருஷம் போர்ட்லாந்தில் சக்கரப் பிரச்சினையைப் பார்த்துக்கொண்டே எரிபொருள் தீர்ந்து ஒரு விமானம் விழுந்தது. எரிபொருள் குறைவது மற்ற இருவருக்கும் தெரியும், மெதுவாகச் சொன்னார்கள், அழுத்திச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் காக்பிட்டில் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசுவது என்பதற்கே பயிற்சி வந்தது.

எங்களுக்குச் சொல்லித்தருவது இப்படி: முதலில் கேள்வியாகக் கேள், 'சார், உயரம் பார்த்தீர்களா?' பதில் இல்லையா, ஆபத்தைச் சொல். அப்புறமும் இல்லையா, இது நிலையாக இல்லை, சுற்றிப் போக வேண்டும் என்று நேராகச் சொல். அதற்கும் அசையவில்லை என்றால் 'ஐ ஹேவ் கண்ட்ரோல்' என்று சொல்லி எடுத்துக்கொள். வகுப்பில் சொல்வது சுலபம். சிமுலேட்டரில் பயிற்சியாளர் வேண்டுமென்றே தப்பாக ஓட்டுவார், எவன் எப்போது எடுக்கிறான் என்று பார்க்க. என் பேட்ச்சில் பாதிப் பேர் மூன்றாவது படியில் நின்றுவிடுவார்கள்.

இன்னொன்று, கோ அரவுண்ட் போனதற்காக யாரையும் தண்டிக்கும் நோக்கில் கேட்கக் கூடாது என்று இப்போது பல கம்பெனிகள் எழுதியே வைத்திருக்கின்றன. எரிபொருள் செலவு, தாமதம் எல்லாம் கம்பெனியின் கணக்கு. முன்பு அதற்கு விளக்கம் எழுத வேண்டியிருக்குமே என்பதே ஒரு சுமையாக இருந்ததாகச் சொல்வார்கள்.

---

அரியாங்குப்பம் ரசிகன் எழுதியது:

இதெல்லாம் இருக்கட்டும், அகமதாபாத் ஏர் இந்தியா விபத்தில் யார் எரிபொருள் சுவிட்சைத் தட்டினது? அதைச் சொல்லுங்க முதலில்.

---

நெறியாளர்:

2025 ஜூன் 12 விபத்து பற்றி இந்த இழையில் ஊகம் வேண்டாம். அந்த சுவிட்ச் பற்றி முதற்கட்ட அறிக்கையில் இருப்பது சில வரிகள், அதை வைத்து இறந்த இரண்டு விமானிகள் மேல் ஆளுக்கொரு கதை கட்டியாகிவிட்டது. இறுதி அறிக்கை வந்ததும் தனி இழை திறக்கலாம். இதற்குப் பின் வந்த ஏழெட்டுப் பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

---

மஞ்சக்குப்பம் மீனா எழுதியது:

தூக்கத்தைப் பற்றி யாரும் மேலே போகவில்லையே. மங்களூர்க் கேப்டன் தூங்கியது தப்பு என்று எல்லாரும் சொல்கிறோம், ராத்திரி முழுக்க வேலை வாங்குவது?

---

பறக்கும் தம்பி எழுதியது:

அக்கா, அதில் விதி மாறியிருக்கிறது. 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. புதிதாக அறிவித்தது: வார ஓய்வு 36 மணி நேரத்தில் இருந்து 48, இரவுத் தரையிறக்கம் ஆறில் இருந்து இரண்டு. கம்பெனிகள் எதிர்த்ததால் தள்ளித் தள்ளிப் போய், நீதிமன்றம் வரை சென்று, 2025-இல் இரண்டு கட்டமாக அமலானது. அந்த வருஷ டிசம்பரில் விமானங்கள் கொத்துக் கொத்தாக ரத்தானது நினைவிருக்கும். அதற்குத் தேவையான ஆளை முன்பே எடுத்து வைக்காததுதான் பெரிய காரணம். உடனே விதியில் தற்காலிகத் தளர்வும் கொடுத்தார்கள்.

---

ஓ.டி. பாலா எழுதியது:

ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்ட ஜனம் அப்போது விதியைத்தான் திட்டியது. டிவியில் பார்த்தேன்.

---

சிப்காட் ஷிப்ட் எழுதியது:

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் இன்சார்ஜ். இழை முழுக்க இப்போதுதான் படித்தேன்.

எங்களிடம் 'நியர் மிஸ்' பதிவேடு ஒன்று உண்டு. விபத்து ஆகாமல் மயிரிழையில் தப்பியதை எல்லாம் எழுதி வைக்க வேண்டும். பச்சை அட்டை, கன்ட்ரோல் ரூம் வாசலில் சங்கிலியில் தொங்கும். பத்திகள்: தேதி, இடம், நடந்தது என்ன, 'தவறு செய்தவர் பெயர்', எடுத்த நடவடிக்கை. அந்த நாலாவது பத்தியைப் பார்த்தாலே போதும். மாதக்கணக்கில் காலியாக இருக்கும். ஆடிட்டுக்கு முந்தின நாள் யாராவது உட்கார்ந்து 'கைப்பிடி ஆடியது, இறுக்கப்பட்டது', 'தரையில் எண்ணெய், துடைக்கப்பட்டது' என்று ஒரே பேனாவில் நிரப்புவார்கள். ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

ஒருமுறை நடந்தது. வேறு டேங்குக்குத் திறக்க வேண்டிய வால்வை ஒரு ஆபரேட்டர் பக்கத்து டேங்குக்குத் திறந்தான். இரண்டு வால்வும் ஒரே நிறம், ஒரே உயரம், எண் எழுதிய தகடு துருப்பிடித்துப் படிக்க முடியாது. அரை நிமிஷத்தில் அவனே கண்டுபிடித்து மூடினான், ஒன்றும் ஆகவில்லை. நேர்மையாகப் பதிவேட்டில் எழுதினான். மறுநாள் மெமோ, அந்த மாத ஊக்கத்தொகை வெட்டு. தகடு இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. அதற்கப்புறம் அந்தப் பதிவேட்டில் வால்வு என்ற சொல்லே வந்ததில்லை.

---

முத்தியால்பேட்டை மெக்கானிக் எழுதியது:

தம்பி, உங்கள் வால்வுக்கு அண்ணன் 1940-களிலேயே பிறந்துவிட்டான். இரண்டாம் உலகப்போரில் பி-17 விமானங்கள் பத்திரமாக இறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரத்தை மடக்கிக்கொண்டு வயிற்றில் உட்கார்ந்தன. விமானி முட்டாள், முட்டாள் என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். அல்போன்ஸ் சாபானிஸ் என்ற இளம் உளவியலாளர் காக்பிட்டில் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கும் ஃபிளாப் என்ற இறக்கை மடிப்புக்கும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி சுவிட்ச். இவர் சக்கர சுவிட்சில் சின்ன ரப்பர்ச் சக்கரமும் மற்றதில் ஆப்பு வடிவத் துண்டும் ஒட்டினார். பிரச்சினை தீர்ந்தது. இன்றைக்கு லாஸ்பேட்டையில் இறங்கும் ஏ.டி.ஆரிலும் சக்கர நெம்புகோலின் நுனி சக்கரம் மாதிரிதான் இருக்கும், தடவினாலே தெரியும்.

உங்கள் தகட்டை மாற்ற இருநூறு ரூபாய் ஆகுமா?

---

சிப்காட் ஷிப்ட் எழுதியது:

பெயிண்ட்டோடு சேர்த்து அதைவிடக் கம்மி. ஆனால் தகட்டை மாற்றச் சொல்லி நான் கேட்டால் 'அப்போ அந்த மெமோ?' என்று வரும். அதுதான் சிக்கல்.

போன வாரம் மேனேஜரிடம் அந்தப் பெயர்ப் பத்தியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். 'முடியாது' என்று சொல்லவில்லை.

---

ஜிப்மர் ரோடு சிஸ்டர் எழுதியது:

பத்தியை எடுத்தால் மட்டும் எழுதிவிடுவார்களா? எங்கள் வார்டில் பெயர் இல்லாத பெட்டி வைத்தார்கள். கையெழுத்தைப் பார்த்தே யார் என்று கண்டுபிடித்தார்கள். அந்த நேர டியூட்டி ரோஸ்டரை எடுத்தாலே பாதி தெரிந்துவிடும்.

---

முத்தியால்பேட்டை மெக்கானிக் எழுதியது:

சிஸ்டர் பிடித்தது சரியான இடம். அமெரிக்காவில் விமானத் துறைக்கு இதே தலைவலி வந்தது. அங்கே தண்டிக்கும் அதிகாரம் உள்ள விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. 1975-இல் தானே ஒரு திட்டம் ஆரம்பித்து 'தப்பை எங்களிடமே சொல்லுங்கள்' என்றது. யார் நம்புவான்? மறுவருஷம் அதைத் தூக்கி நாசாவிடம் கொடுத்தார்கள். நாசாவுக்கு யாருடைய லைசென்ஸையும் பறிக்கும் அதிகாரம் கிடையாது. எழுதியவர் பெயர், முகவரி எல்லாம் படிவத்தின் மேலே ஒரு கிழிக்கும் துண்டில் இருக்கும். விவரம் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்ததும் அந்தத் துண்டில் தேதி முத்திரை குத்தி எழுதியவருக்கே தபாலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் கையில் பெயரே இருக்காது. பின்னால் கேஸ் வந்தால், பத்து நாளுக்குள் நானே சொன்னேன் என்பதற்கு அந்தத் துண்டுதான் சாட்சி. வேண்டுமென்றே செய்ததற்கும் குற்றச் செயலுக்கும் விபத்துக்கும் மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

---

வக்கீல் புதுவை எழுதியது:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. முன்பு நான் கேட்டதற்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது, தீர்ப்புச் சொல்பவனும் வாக்குமூலம் வாங்குபவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. சரி, சிப்காட் தம்பி, உங்கள் ஆலையில் அந்த நாசா யார்? சேஃப்டி ஆபீசர் என்றால் அவர் சம்பளமும் அதே மேனேஜர் கையில்தானே?

---

சிப்காட் ஷிப்ட் எழுதியது:

சேஃப்டி ஆபீசர் வேண்டாம் சார், அந்த மெமோவில் கையெழுத்து அவருடையதுதான். வாரம் இரண்டு நாள் மட்டும் வரும் கம்பெனி டாக்டர் ஒருவர் இருக்கிறார், வெளியாள், யாருக்கும் மெமோ கொடுக்க முடியாது, ஆபரேட்டர்கள் எல்லாரும் அவரிடம் பேசுவார்கள். அவர் ஒத்துக்கொள்வாரா என்று திங்கட்கிழமை கேட்டுப் பார்க்கிறேன். மெக்கானிக் ஐயா, அந்த நாசா படிவத்தில் என்னென்ன கேள்விகள் இருக்கின்றன என்று தமிழில் எழுதித் தர முடியுமா? எங்கள் ஆட்களுக்கு இங்கிலீஷ் ஃபாரம் என்றால் டிக் மட்டும்தான் போடுவார்கள்.

---

முத்தியால்பேட்டை மெக்கானிக் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமைக்குள் போடுகிறேன். நீளமாக இருக்காது. 'ஏன் அப்படிச் செய்தாய்' என்ற கேள்வியை மட்டும் நான் எழுதித் தருவதில் வைக்க மாட்டேன், 'அந்த நேரத்தில் என்ன பார்த்தாய், என்ன கேட்டாய், என்ன என்று நினைத்தாய்' என்று இருக்கும். டாக்டரிடம் பேசும்போது அதையும் சொல்லுங்கள்.